ஏடும் வழியும்: கிறித்தவரின் அருள் வழக்கும் இரட்சணிய யாத்திரிகமும்

இறையருள் எல்லார்க்கும் பொதுவோ, அன்றி இறைவன் ஆதியிலேயே தெரிந்தெடுத்த சிலர்க்கு மட்டும் உரியதோ என்னும் வினா, கிறித்தவ சமயத்தார் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமக்குள் நடத்திவரும் பெருவழக்கு. நம்மவர் இவ்வழக்கைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் மறுப்புரையாகவே பேசுகின்றனர். "ஒருவனைப் படைக்கும்போதே அவனை நரகுக்கென்று குறித்துவிட்ட கடவுளையா நீங்கள் வணங்குகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, வாதத்தில் வென்றுவிட்டதாக எண்ணி மேடையை விட்டு இறங்கிவிடுகின்றனர். அவ்வாறு கேட்பவர் தாம் ஓதிய கிதாபுகளை அப்போது ஒருகணமேனும் நினைத்துப் பார்த்தாரா என்பதே நம் ஐயம். அதே வினாவை அரபு மொழியில் நம் முன்னோரும் எழுப்பினர். அதன் பொருட்டுப் பிரிந்தனர். சிலர் உயிரையும் இழந்தனர்.

ஆகவே இவ்வழக்கை நேர்மையோடு எடுத்துரைப்பதும், அது தமிழில் வந்து கலந்தபோது என்ன ஆயிற்று என்பதை எச். ஏ. கிருஷ்ண பிள்ளையவர்களின் இரட்சணிய யாத்திரிகத்தை முன்வைத்து ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம். ஈசா நபி (அலை) அவர்களைப் பற்றிய கிறித்தவர் நம்பிக்கையில் நமக்கு உடன்பாடில்லை என்பது வாசகர் அறிந்ததே. அவ்வேறுபாட்டை ஈண்டு விரிக்கப் புகவில்லை. மாற்றார் நூலை ஆராயுங்கால், அவர் எதைச் சொன்னார், எவ்வளவு நன்றாகச் சொன்னார் என்பதே திறனாய்வாளன் முதற்கண் காண வேண்டுவது.

வழக்கின் வரலாறு

இருதரப்பாரும் ஒரே வேதத்திலிருந்தே சான்று காட்டுகின்றனர். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 8, 9ஆம் அதிகாரங்களில் பவுல் முன்குறித்தலைப் பற்றிப் பேசுகிறார். யாக்கோபும் ஏசாவும் தாய் வயிற்றில் இருக்கும்போதே ஒருவர் தெரிந்துகொள்ளப்பட்டார் என்கிறார். மண்ணுக்குக் குயவனைக் கேள்வி கேட்கும் உரிமை ஏது என்றும் வினவுகிறார். ஆனால் அதே பவுலின் பெயரால் வழங்கும் தீமோத்தேயுவுக்கான முதல் நிருபத்தின் 2ஆம் அதிகாரம், மனிதர் யாவரும் ஈடேற வேண்டும் என்பதே இறைவனின் விருப்பம் என்கிறது. முன்னதைப் பற்றிக்கொண்டவர்க்குப் பின்னது இடறுகிறது. பின்னதைப் பற்றிக்கொண்டவர்க்கு முன்னது இடறுகிறது.

வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயராயிருந்த அகுஸ்தீன் (354–430), மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாகலாம் என்ற பெலேஜியஸின் கொள்கையை எதிர்த்து, அருள் இன்றேல் மனிதனால் நன்மையை விரும்பவும் இயலாது என்று நிறுவினார். பதினாறாம் நூற்றாண்டில் கால்வின் (1509–1564) அக்கருத்தை அதன் எல்லை வரை கொண்டுசென்றார். சிலர் வாழ்வுக்கும் சிலர் அழிவுக்கும் இறைவனால் முன்குறிக்கப்பட்டனர் என்பது அவர் முடிபு. ஹாலந்து நாட்டு அர்மீனியஸ் இதற்கு உடன்படவில்லை. அருள் எல்லார்க்கும் நீட்டப்படுகிறது, அதனை மறுத்து ஒதுக்குபவன் மனிதனே என்பது அவர் கட்சி. அவர் 1609இல் மறைந்தபின், 1618–19இல் டோர்ட்ரெக்ட் நகரில் கூடிய சபை மன்றம் அவருடைய மாணாக்கரின் கொள்கையைத் தள்ளியது. கிறித்துவின் பலி எல்லார்க்கும் போதுமானதே. எனினும் பயன் தருவது தெரிந்தெடுக்கப்பட்டவர்க்கே என்று அம்மன்றம் வகுத்தது.

கத்தோலிக்கரிடையேயும் இதுபோன்ற வழக்கு எழுந்தது. இயேசு சபையைச் சேர்ந்த மோலினா 1588இல் மனித விருப்பத்துக்கு இடம் தரும் நூலொன்றை வெளியிட, தொமினிக் சபையார் அதனை எதிர்த்தனர். ரோமாபுரியில் 1598 முதல் 1607 வரை ஆராய்ச்சி நடந்தது. இறுதியில் ஐந்தாம் பவுல் பாப்பு எந்தத் தீர்ப்பும் கூறாது, ஒருவரையொருவர் கண்டனம் செய்யலாகாது என்று விதித்து அவையைக் கலைத்தார். இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி 1739இல் அருள் எல்லார்க்கும் உரியது என்று பிரசங்கித்தார். அவருடைய நெருங்கிய நண்பர் ஜார்ஜ் விட்பீல்டு கால்வின் பக்கம் நின்றார். இருவரும் பிரிந்தனர்; ஆயினும் 1770இல் விட்பீல்டு காலமானபோது அவருக்கு இரங்கலுரை நிகழ்த்தியவர் வெஸ்லியே. கருத்தில் பகைத்தவர் மனத்தில் பகைக்கவில்லை என்பதற்கு இஃது ஒரு நல்ல சான்று.

நம் கடலின் இரு கரைகள்

இவையெல்லாம் ஐரோப்பியர் வழக்குத்தானே, நமக்கென்ன என்று வாசகர் வினவலாம். இராமேசுவரம் கடலின் இரு கரைகளையும் ஒருமுறை உற்று நோக்குவார்க்கு அவ்வாறு கேட்கத் தோன்றாது.

1658இல் டச்சுக்காரர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். டோர்ட்ரெக்ட் மன்றத்தின் முடிபைத் தம் சமயக் கொள்கையாகக் கொண்ட சபை அவ்வாறு அக்கரையில் வந்து அமர்ந்தது. இக்கரையில், மறவர் சீமையில், மோலினாவின் மரபு வந்த இயேசு சபையார் ஊர் ஊராக நடந்து போதித்தனர். அவர்களுள் ஒருவரான ஜான் தெ பிரிட்டோ 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் கிழவன் சேதுபதியின் ஆணையால் தலை கொய்யப்பட்டார். தமிழ் மக்கள் அவருக்கு வழங்கிய பெயர் அருளானந்தர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. அதே கிழவன் சேதுபதியின் காலத்திலேயே கீழக்கரையில் வள்ளல் சீதக்காதி வாழ்ந்தார். மாமேதை சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் (1632–1703) கல்வி போதித்ததும் அக்காலத்திலேயே. இக்கரை முஸ்லிம்களின் அகீதா அஷ்அரி இமாமின் வழிப்பட்டது. ஆக, ஒரே கடலைச் சுற்றி, ஏறத்தாழ ஐம்பதாண்டு எல்லைக்குள், இறை நாட்டத்தையும் மனித முயற்சியையும் பற்றிய மூன்று விடைகள் அருகருகே வாழ்ந்திருக்கின்றன. அவற்றைப் போதித்தவர்கள் ஒரே மழையை எதிர்பார்த்தனர். ஒரே புயலுக்கு அஞ்சினர்.

யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த ஒரு முரண்பாட்டையும் சுட்டாமல் விடலாகாது. டச்சு ஆட்சியில் மக்களின் ஞானஸ்நானமும் திருமணமும் பாடசாலைத் தோம்புகளில் பதியப்பட்டன. தெரிந்தெடுக்கப்பட்டவர் சிலரே என்று கற்பித்த சபை, ஊர்களையே மொத்தமாகத் தோம்பில் எழுதிக்கொண்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வாட்சி நீங்கியதும், தோம்பில் இருந்த பெயர்களுள் பெரும்பாலானவற்றுக்கு உரியவர் அச்சபையில் இல்லாமற்போயினர். இறைவனின் ஏட்டை மனிதன் தன் ஏட்டில் பெயர்த்தெழுத முயன்றால் விளைவது இதுவே.

பின்னர் 1814இல் வெஸ்லியின் வழிவந்தவர்கள் இலங்கைக்கு வந்தனர். 1816இல் கால்வின் மரபில் வளர்ந்த அமெரிக்க மிஷனெரிகள் யாழ்ப்பாணம் வந்தனர். அமெரிக்கரின் பணி 1834இல் மதுரைக்கும் பரவியது. 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை அமைந்தபோது, வெஸ்லியின் மரபினரும் கால்வினின் மரபினரும் ஒரே சபையாயினர். எந்தக் கொள்கைக்காக ஐரோப்பாவில் சிறைக்கூடங்கள் நிரம்பினவோ, அக்கொள்கை வேற்றுமை இம்மண்ணில் ஒரு கூரையின் கீழ் அடங்கிப்போயிற்று. அடங்கியது வழக்குத்தான், வினா அடங்கவில்லை. அதனைக் காண நாம் காவியத்திடம் செல்ல வேண்டும்.

பனியனும் கிருஷ்ண பிள்ளையும்

இரட்சணிய யாத்திரிகத்தின் மூலம் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணக் கதை. பனியன் பாத்திரங்களைப் பழுது பார்க்கும் தொழிலாளி. கால்வினின் கொள்கையில் ஊறியவர். அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்போர்டு சிறையில் கிடந்தவர். அவர் 1666இல் எழுதிய தன் வரலாற்று நூலைப் படிப்பவர், முன்குறித்தல் என்பது ஏட்டுத் தத்துவமன்று, ஓர் ஏழையின் நெஞ்சில் இறங்கிய ஈட்டி என்று உணர்வர். 'நான் தெரிந்தெடுக்கப்பட்டவனா? என் அருட்காலம் கடந்துவிட்டதோ?' என்னும் அச்சத்தில் அவர் ஆண்டுக்கணக்கில் உழன்றார். மோட்சப் பிரயாணத்திலும் அவ்வச்சம் தொடர்கிறது. இரும்புக் கூண்டுக்குள் நம்பிக்கையிழந்து கிடக்கும் மனிதன் ஒருவனை அங்கே காண்கிறோம். கதையின் முடிவிலோ, மோட்ச வாயில் வரை வந்துவிட்ட அறியாமை என்னும் பெயரினன் அவ்வாயிலிலிருந்தே நரகத்துக்குத் தள்ளப்படுகிறான். படிப்பவர் நடுங்கும் முடிவு அது.

ஆனால் அதே பனியன் 1684இல் இரண்டாம் பகுதியை எழுதினார். முதற்பகுதியில் காதைப் பொத்திக்கொண்டு ஓடிய யாத்திரிகன் விட்டுச்சென்ற மனைவியும் மக்களும் இரண்டாம் பகுதியில் அதே வழியில் வருகின்றனர். அவர்களோடு நொண்டியும் மனவலிமை குன்றியவரும் சேர்ந்துகொள்கின்றனர். அச்சமே உருவான ஒருவரைப் பற்றியும் அங்கே சொல்லப்படுகிறது. தம்மை இறைவன் ஏற்பானோ மாட்டானோ என்று வாழ்நாளெல்லாம் அஞ்சியவர் அவர். அவர் இறுதி ஆற்றைக் கடக்க வந்த வேளையில், முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு ஆற்றில் நீர் வற்றியிருந்ததாம். கடலோரத்தில் வாழும் நமக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். நீர் வற்றிய வேளையில் குழந்தையும் கடந்துவிடும். கொள்கையில் இறுகிய பனியன் கதையில் இளகினார் என்று நாம் துணிந்து கூறலாம். இலக்கியத்தின் உண்மை இயல்பு இங்கேதான் வெளிப்படுகிறது. தருக்கம் கணக்கிட்டுச் சொல்வது 'சிலர்' என்று. கதையோ ஒருவரை முகத்தோடும் பெயரோடும் முன்னே நிறுத்துகிறது. முகத்தைக் கண்டபின் அவரைத் தள்ள ஆசிரியனுக்கே மனம் வருவதில்லை.

இக்கதை கிருஷ்ண பிள்ளையவர்கள் (1827–1900) கையில் தமிழ்க் காப்பியமாயிற்று. திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடியில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் சென்னையில் கிறித்தவரானவர் அவர். 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம், ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களும் 3,700க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்டது. இது மொழிபெயர்ப்பு அன்று. காப்பிய மரபுக்கேற்ப விரித்தும் சுருக்கியும் பாடிய தழுவல். கிறித்துவின் பாடுகளை விரிவாகச் சேர்த்ததும், இடையிடையே தேவாரம் என்னும் பெயரால் துதிப்பாடல்களை அமைத்ததும் பிள்ளையவர்களின் சொந்தப் படைப்பு.

இத்தேவாரங்களே நம் ஆராய்ச்சிக்கு உயிர்நிலை. வைணவத்தில் இறையருளைப் பற்றி இரு நியாயங்கள் உண்டு. குரங்குக்குட்டி தன் தாயைத் தானே பற்றிக்கொள்வதுபோல அடியான் முயன்று பற்ற வேண்டும் என்பது வடகலையார் கொள்கை. பூனைக்குட்டியைத் தாய் தானே கவ்விச் செல்வதுபோல இறைவனே எடுத்துச் செல்வான் என்பது தென்கலையார் கொள்கை. வைணவ நூல்களில் வளர்ந்த பிள்ளையவர்கள் இவ்வழக்கை அறியாதிருந்திருக்க இயலாது. ஆகவே, கால்வினும் அர்மீனியஸும் பொருத வழக்கு அவரிடம் வந்தபோது அவருக்கு அது புதிதன்று. அவர் அதனைத் தருக்கமாக நடத்தவில்லை, பாடலாகப் பாடினார். தன் தகுதியின்மையை முன்வைத்து இரங்குவதும், கிருபையை இரந்து நிற்பதுமே அப்பாடல்களின் போக்கு. இவ்வாறு இரப்பவன் வாயில் 'அருள் சிலர்க்கே' என்னும் சொல் வர இடமில்லை. யார் எடுத்துப் பாடினாலும் பாடுபவனே அப்பாடலின் 'நான்' ஆகிவிடுகிறான். கொள்கை எவ்வளவு குறுகியதாயினும், பாடலின் 'நான்' எவரையும் உள்ளே அழைத்துக்கொள்கிறது.

தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்த நம் மஸ்தான் சாகிபு அவர்களின் பராபரக் கண்ணியையும் மனோன்மணிக் கண்ணியையும் ஓதியவர்க்கு இவ்வுண்மை புதிதாகத் தோன்றாது. அங்கும் வாதமில்லை, வாயிலில் நிற்பவனின் குரலே உண்டு. சமயம் வேறாயினும் தமிழ் இருவர்க்கும் தந்த குரல் ஒன்றே.

குறை கூறாமல் விடுவதும் திறனாய்வுக்கு அழகன்று. பனியன் சந்தை மக்களின் பேச்சில் எழுதினார். எழுத்தறிந்த ஏழை எவனும் அதனைப் படித்தான். பிள்ளையவர்களோ கம்பன் நடையைக் கைக்கொண்டார்; புலவரின் துணையின்றிப் பொருள் விளங்காத பாடல்கள் அதில் பலவாகிவிட்டன. அருள் எல்லார்க்கும் எட்டுமா என்று கேட்கும் நாம், நூல் எல்லார்க்கும் எட்டுமா என்றும் கேட்க வேண்டும். இக்குறை நம் சீறாப்புராணத்துக்கும் உரியதே என்பதை மறைப்பதற்கில்லை. பிள்ளையவர்களின் துதிப்பாடல்கள் தமிழ்த் திருச்சபைகளில் இன்றளவும் பாடப்படுகின்றன. காப்பியமோ பெரும்பாலும் பாடநூலில் வாழ்கிறது. எது எவரைச் சென்றடைந்தது என்பதற்கு இதனினும் தெளிவான தீர்ப்பு வேண்டியதில்லை. மேலும், பிள்ளையவர்கள் ஒட்டிச் சென்றது பனியனின் முதற்பகுதியையே. மெலிந்தோரும் அஞ்சினோரும் ஆறு கடக்கும் இரண்டாம் பகுதியையும் அக்கை காப்பியமாக்கியிருப்பின், தமிழில் அருளின் அகலம் இன்னும் நன்கு தெரிந்திருக்கும்.

நம் கிதாபுகளில்

இனி நம் பக்கம் திரும்புவோம். களா–கத்ரை ஈமானின் உறுப்பாகக் கொண்டவர் நாம். மனிதன் காற்றில் பறக்கும் சருகு, அவனுக்குச் செயலே இல்லை என்றனர் ஜபரிய்யாக்கள். மனிதன் தன் செயலைத் தானே படைக்கிறான் என்றனர் முஃதஸிலாக்கள். இமாம் அஷ்அரி (ரஹ்) அவர்கள் (இற. ஹிஜ்ரி 324) நாற்பது வயது வரை முஃதஸிலாக்களின் பாசறையில் இருந்தவர்கள். மூன்று சகோதரரைப் பற்றித் தம் ஆசான் ஜுப்பாயீயிடம் அவர்கள் தொடுத்த வினா நம் மாணவர்க்கெல்லாம் தெரியும். ஒருவன் நல்லோனாக மாண்டான். ஒருவன் தீயோனாக மாண்டான். ஒருவன் குழந்தையாகவே மாண்டான். நல்லோன் அடையும் உயர்பதவியை எனக்கும் தந்திருக்கலாகாதா என்று குழந்தை கேட்டால் விடை யாது? நீ வளர்ந்திருந்தால் தீயோனாகியிருப்பாய் என்று இறைவன் கூறுவான் என்றார் ஆசான். அங்ஙனமாயின் என்னையும் ஏன் குழந்தையிலேயே மரிக்கச் செய்யவில்லை என்று தீயோன் கேட்டால்? ஆசானிடம் விடையில்லை. இறைவனின் செயலை மனிதக் கணக்கில் அடக்க முயன்ற தருக்கம் அங்கே முறிந்தது. படைப்பவன் அல்லாஹ், அச்செயலைத் தனதாக்கிக்கொள்ளும் கஸ்பு மனிதனுடையது என்பது இமாம் அவர்கள் கண்ட நடுவழி. அருள் எவர்க்கும் இறைவன் பட்ட கடனன்று என்ற அளவில் அஷ்அரி இமாமும் கால்வினும் அருகருகே நிற்கின்றனர். இதனை அறியாமல் கால்வினை நகைப்பவர், பாதி நகைப்பைத் தம்மீதே செலுத்திக்கொள்கிறார்.

எனினும் நம் இமாம்கள் அவ்வளவில் நின்றுவிடவில்லை. எல்லாம் எழுதப்பட்டுவிட்டதாயின் நாங்கள் எழுத்தையே நம்பிச் செயலை விட்டுவிடலாமா என்று தோழர்கள் வினவியபோது, செயலாற்றுங்கள், ஒவ்வொருவர்க்கும் அவரவர் படைக்கப்பட்ட நோக்கத்தின் வழி எளிதாக்கப்படும் என்னும் கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையிறுத்தார்கள். கொள்ளைநோய் கண்ட சிரியா நாட்டிற்குள் புகாமல் திரும்பிய உமர் (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று வினவப்பட்டபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்று உணர்த்தினார்கள். இரு விடைகளிலும் ஏட்டைக் கேட்டவன் வழிக்குத் திருப்பப்படுகிறான். வியப்பு யாதெனின், கால்வினும் இதனையே செய்தார். மறைந்த தீர்மானத்துக்குள் நுழைந்து உன் பெயரைத் தேடாதே, கிறித்துவைக் கண்ணாடியாகக் கொண்டு பார் என்பது அவர் போதனை. கடுமையான கொள்கையை வகுத்தவரும், அஞ்சிய உள்ளத்தைக் கண்டவுடன் ஏட்டை மூடிவிட்டு வழியைக் காட்டினார்.

அருளின் அகலத்தைப் பற்றியும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (இற. ஹிஜ்ரி 505) தம் பைஸலுத் தப்ரிக்காவில் தெளிவுபடுத்தியுள்ளார்கள். தூதுச் செய்தி சென்றடையாத தொலைநாட்டு ரோமக் கிறித்தவரும் துருக்கியரும் மன்னிக்கப்பட்டோரே என்பதும், அவருள் பெரும்பாலாரை இறையருள் சூழும் என்பதும் அவர்களது முடிபு. ஏறத்தாழ 850 ஆண்டுகளுக்குப் பின், 1964இல் கத்தோலிக்கரின் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றமின்றியே சுவிசேஷத்தை அறியாதிருப்போரும் ஈடேற்றம் அடையக்கூடும் என்று அறிவித்தது. ஞானஸ்நானம் பெறாமல் மாண்ட குழந்தைகளின் ஈடேற்றத்துக்கு நம்பிக்கை கொள்ள இடமுண்டு என்று 2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழுவும் கூறியது. இருசாராரிடமும் கடுஞ்சொல் உண்டு. இருசாராரிடமும் அருட்சொல் உண்டு. மாற்றாரின் கடுஞ்சொல்லையும் தம்முடைய அருட்சொல்லையும் மட்டும் எடுத்து ஒப்பிடுவது நீதியன்று.

எது நல்ல நூல்?

இவ்வழக்கு அறிஞரின் பொழுதுபோக்கு அன்று. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை விழுங்கிற்று. இரயில் வண்டியே பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. பல சமயத்தாரும் ஒரே அலையில் மாண்டனர். நீரில் மூழ்கி மாண்டவர் ஷஹீத் என்னும் நபிமொழி நம் வீடுகளுக்கு ஆறுதல் தந்தது. ஆனால் கொடுத்துவைத்தவர் இவர், கெட்டவர் அவர் என்று மாண்டோரின் ஏட்டைப் படித்துக்காட்ட எவர்க்கும் உரிமையில்லை. 'என் நசீபு இவ்வளவுதான்' என்று சொல்லித் தொழுகையையும் தொழிலையும் கைவிடும் இளைஞனும், 'நான் தள்ளப்பட்டவனோ' என்று தேவாலயத்தின் பின்வரிசையில் மருகும் மீனவனும் ஒரே நோயால் பீடிக்கப்பட்டவர்களே. இருவரும் தாம் காண இயலாத ஏட்டைப் படித்துவிட்டதாக எண்ணுகின்றனர்.

ஆதலின் சமய நூலைத் திறனாய்பவர்க்கு ஓர் அளவுகோலை நாம் பரிந்துரைக்கிறோம். அந்நூல் படிப்பவனை ஏட்டின்முன் நிறுத்தி அஞ்ச வைக்கிறதா, அன்றி அவனை எழுப்பி வழியில் நடக்க வைக்கிறதா? இவ்வளவுகோலால் அளந்தால், நடையின் கடுமை ஒருபுறம் இருக்க, இரட்சணிய யாத்திரிகம் நல்ல நூலே. பெயரிலேயே அது யாத்திரையைத் தாங்கியிருக்கிறது. அதன் துதிப்பாடல்கள் எவனையும் வாயிலில் நின்று கேட்கச் செய்கின்றன. இதே அளவுகோலால் நம் மறுப்பு நூல்களை அளந்தால், அவற்றுள் எத்தனை தேறும் என்று அவற்றை எழுதுவோரே எண்ணிப் பார்ப்பாராக.

கிருஷ்ண பிள்ளையவர்களின் நூலைக் கிறித்தவரின் பண்டம் என்று ஒதுக்காமல் நம் மாணவர் படிக்க வேண்டும். சீறாவையும் மஸ்தான் சாகிபின் கண்ணிகளையும் கிறித்தவ அன்பர்களும் படிக்க வேண்டும். எவர் பெயர் எந்த ஏட்டில் உள்ளது என்பதை அறிந்தவன் வல்ல நாயன் ஒருவனே. அவனுடைய ரஹ்மத் எல்லாப் பொருளையும் சூழ்ந்தது என்பது சூரத்துல் அஃராப் நமக்கு உணர்த்தும் செய்தி. அந்த ரஹ்மத்தின் எல்லையைக் குறுக்கும் பணி நம்மிடம் ஒப்படைக்கப்படவில்லை.